அழைப்பது யார் என்று அலைபேசிக்குத் தெரியாது

2024 அக்டோபர் 22 அன்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு வடிகட்டியை இயக்கி வைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே +91 என்று தொடங்கும் இந்திய எண்ணைக் காட்டுகிற அழைப்புகளைச் சோதித்து நிறுத்துவது அதன் வேலை. முதல் 24 மணி நேரத்தில் அப்படி வந்தவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு, அதாவது சுமார் 1.35 கோடி அழைப்புகள், போலி எண் தாங்கியவை என்று கண்டு தடுத்ததாகத் துறை அறிவித்தது.

இந்திய எண்ணோடு வெளிநாட்டிலிருந்து நியாயமாக வரக்கூடிய அழைப்பு ஒன்று உண்டு. இங்கே வாங்கிய சிம்மைப் பிடுங்காமல் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போனவர் ரோமிங்கில் வீட்டுக்குப் பேசுவது. வடிகட்டி செய்ததெல்லாம் 'இந்த எண்ணுக்குரியவர் இப்போது உண்மையிலேயே வெளிநாட்டில் இருக்கிறாரா?' என்று நிறுவனங்களின் பதிவேட்டில் பார்த்ததுதான். இவ்வளவு எளிய கேள்வியை அதுவரை யாரும் முழுமையாகக் கேட்கவில்லை. முந்தைய நாள்வரை அந்த அழைப்புகள் நம் வீடுகளில் மணியடித்துக்கொண்டுதான் இருந்தன. 'நம்மூர் நம்பர்தானே' என்று எடுத்தவர்களை ஏமாளிகள் என்பது அநியாயம். அவர்கள் திரையை நம்பினார்கள். திரை பொய் சொன்னது.

திரை ஏன் பொய் சொல்கிறது என்பதற்கு விடை 1970களில் இருக்கிறது. தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ள அந்தக் காலத்தில் வகுக்கப்பட்ட எஸ்எஸ்7 என்ற சமிக்ஞை முறை 1980இல் சர்வதேசத் தரமாயிற்று. அன்றைக்குப் பெரும்பாலான நாடுகளில் தொலைபேசி என்பது ஓர் அரசுத் துறை, அல்லது ஒற்றை நிறுவனத்தின் ஏகபோகம். ஒரு நிலையம் இன்னொன்றுக்கு ஒரு தகவலைச் சொன்னால் அதைச் சந்தேகிக்கக் காரணமில்லை. அழைத்தவரின் எண் என்பது இணைப்பு கொடுப்பதற்கும் கட்டணக் கணக்குக்குமான உள்விவகாரம். அதை எடுத்து வாடிக்கையாளரின் கண்முன் காட்டும் சேவை பிறகு வந்தது. காட்டத் தொடங்கியதும் நாம் அதை அடையாளச் சான்றாகவே எடுத்துக்கொண்டோம். உண்மையில் அது அஞ்சல் உறையில் 'அனுப்புநர்' என்று எழுதுவதைப் போன்றது. எழுதுகிறவர் எழுதியதுதான் முகவரி, தபால்காரர் சரிபார்ப்பதில்லை.

இணையவழிக் குரல் அழைப்பு வந்தபின் அந்த இடத்தை நிரப்பும் வசதி நிறுவனங்களின் கையை விட்டு வெளியேறியது. இதில் முறையான பயன்பாடும் இருக்கிறது. நூறு இணைப்புள்ள மருத்துவமனையிலிருந்து எந்த மருத்துவர் பேசினாலும் வரவேற்பறை எண்ணே தெரிய வேண்டும் என்பது நியாயமான தேவை. அதே பெட்டியில் காவல் ஆணையர் அலுவலக எண்ணைத் தட்டச்சு செய்தாலும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

வடிகட்டி அடைத்தது ஒரு வாசலை. சிம் பாக்ஸ் என்பது வேறு வாசல். பல பத்து, சில வேளை பல நூறு சிம் அட்டைகளைச் செருகக்கூடிய பெட்டி அது. வாடகை அறையில் வைத்து மின்சாரமும் இணையமும் கொடுத்தால் போதும். கம்போடியாவிலிருந்து இணையவழி வரும் குரல் இங்குள்ள ஒரு சிம் வழியாக உள்ளூர் அழைப்பாக வெளியே போகும். சர்வதேச அழைப்புக் கட்டணத்தை ஏய்க்கப் பிறந்த கள்ளத்தொழில் இது. மோசடிக்காரர்களுக்கு ஆயத்தமாகக் கிடைத்தது. இப்போது எண் போலியில்லை. பக்கத்துத் தெருக் கோபுரத்திலிருந்து வருகிற, முறைப்படி பதிவான எண். பதிவு மட்டும் வேறு யாரோ ஒருவர் பெயரில். சிம் வாங்க வந்த கூலித் தொழிலாளியிடம் 'கைரேகை சரியா விழலண்ணே, இன்னொரு வாட்டி வைங்க' என்று சொல்லி இரண்டாவது சிம்மையும் அவர் பெயரில் எடுத்துக்கொள்ளும் விற்பனையாளர்கள் பல வழக்குகளில் பிடிபட்டிருக்கிறார்கள். மோசடியாக சிம் பெறுவதற்கும் எண் அடையாளத்தைத் திரிப்பதற்கும் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்றாண்டுவரை சிறையோ 50 லட்சம் ரூபாய்வரை அபராதமோ விதிக்கிறது. ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகள்தாம் இருக்கலாம் (அசாம், ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்களில் 6). தன் பெயரில் எத்தனை ஓடுகின்றன என்பதை எவரும் அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம், தெரியாததைத் துண்டிக்கச் சொல்லலாம். அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டிய தொழிலாளிதான் பார்ப்பதில்லை.

எண்ணை நம்ப முடியாது என்றால் பெயரைக் காட்டலாமே என்பது அடுத்த யோசனை. அதை முதலில் பெரும் வணிகமாக்கியது 2009இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ட்ரூகாலர். அதன் மிகப் பெரிய சந்தை இந்தியா. அது சேர்த்து வைத்திருப்பது பயனர்கள் தரும் பெயர்களையும் முகவரிப் புத்தகங்களையும் புகார்களையும். ஆகவே 'இந்த எண் யாருடையது' என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை. 'இந்த எண்ணை ஊரார் என்னவென்று சேமித்திருக்கிறார்கள்' என்பதற்கே சொல்கிறது. 'கேஸ் சிலிண்டர் முருகன்', 'மேஸ்திரி செல்வம்', 'லோன் ஃபிராடு எடுக்காதே' என்று திரையில் வருவதெல்லாம் அந்த வகை. தொல்லை அழைப்புகளை விலக்க இது நன்றாகவே உதவுகிறது. ஆயிரம் பேர் புகார் செய்த எண்ணை ஆயிரத்தொன்றாவது ஆள் எடுக்காமல் விடலாம். ஆனால் நேற்று வாங்கிய சிம்முக்குப் புகார் இருக்காது. காக்கிச் சட்டைப் படமும் ஏதோவொரு துறையின் பெயரும் வைத்துக்கொள்வதும் சிரமமில்லை. இன்னொன்று: அந்தச் செயலியைத் தொட்டே பார்க்காதவர்களின் பெயரும் அதில் இருக்கக்கூடும். அவர்களை யாரும் கேட்டதில்லை.

அரசு முன்வைக்கும் மாற்று, அழைப்பவரின் பதிவுப் பெயரையே வலையமைப்பு காட்டுவது. 2022 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதுபற்றிக் கருத்துக் கேட்டது. 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. 2025 அக்டோபரில் 4ஜி, 5ஜி இணைப்புகளில் இதை இயல்பாகவே இயங்கவிடலாம், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு டிராயும் துறையும் வந்து சேர்ந்தன. சிம் வாங்கும்போது விண்ணப்பப் படிவத்தில் எழுதிய பெயர் திரையில் வரும்.

நல்ல ஏற்பாடுதான். நம் வீடுகளில் அது எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கல்லூரிப் பெண்ணின் சிம் அப்பா பெயரில்; அம்மாவின் சிம் மூத்த மகன் பெயரில்; கடைப் பையனின் சிம் முதலாளி பெயரில். மகள் கூப்பிட்டால் அப்பா பெயர் வரும். முன்னெழுத்து விரிந்து தகப்பன் பெயர் முன்னே போய்விட்ட அடையாள அட்டைகள் தமிழ்நாட்டில் எத்தனை எத்தனை! இன்னொரு புறம், ஆட்டோ ஓட்டுநருக்கோ பொட்டலம் கொண்டுவருகிறவருக்கோ ஒரு முறை போன் செய்த பெண்ணின் முழுப் பெயர் அவர்கள் திரையில் பதியும். இவையெல்லாம் காலப்போக்கில் சீராகலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது சொல்வது சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதை. பேசுகிற வாய் யாருடையது என்பதையல்ல. கைரேகையை இரண்டு முறை வைத்த தொழிலாளியின் பெயர் மிகத் துல்லியமாகத் திரையில் வரும். வாட்ஸப் அழைப்புக்கோ இந்த ஏற்பாடே பொருந்தாது; அது தொலைபேசி வலையமைப்பு வழியாக வருவதில்லை.

அமெரிக்கா வேறு திசையில் போனது. 2019 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் தொடர்ச்சியாக, 2021 ஜூன் 30 முதல் பெரிய நிறுவனங்கள் இணையவழி வலையமைப்பில் ஒவ்வோர் அழைப்புக்கும் மறைக்குறியீட்டுக் கையொப்பம் இட வேண்டும். அதில் உச்சத் தரம் 'ஏ': இந்த வாடிக்கையாளரை எனக்குத் தெரியும், இந்த எண்ணைப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு என்று நிறுவனமே தரும் உறுதி. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் முதற்கட்டத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு அப்போதைய அதிபர் ஜோ பைடனின் குரலில் ஒரு பதிவு வாக்காளர் வீடுகளுக்குப் போனது. முதற்கட்டத் தேர்தலில் ஓட்டுப்போட வேண்டாம் என்றது. குரல் செயற்கை நுண்ணறிவு செய்தது. காட்டிய எண் அந்த மாநிலத்து ஜனநாயகக் கட்சிப் பிரமுகர் ஒருவருடையது. அந்த அழைப்புகளுக்கு லிங்கோ டெலிகாம் என்ற நிறுவனம் இட்ட முத்திரை 'ஏ'. பின்னர் அந்நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்டியது. அழைப்புகளை ஏவிய அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. முத்திரை இடும் கை சோம்பலாக இருந்தால் கணிதம் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை என்று அந்த வழக்கு காட்டிவிட்டது.

எண், பெயர், முத்திரை மூன்றுமே வருகிற அழைப்பின் மேல் ஒட்டும் சீட்டுகள். பெரிய மோசடிகளைப் பார்த்தால் பணம் போவது அந்தச் சீட்டைப் படித்த கணத்தில் அல்ல என்பது தெரிகிறது. அதன் பின்னான மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் போகிறது. காவல்துறை என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே ஆளைச் சிறைவைக்கும், 'டிஜிட்டல் கைது' என்று பெயர் பெற்றுவிட்ட மோசடியும் அதைச் சார்ந்த குற்றங்களும் 2022இல் 39,925 பதிவாயின, இழப்பு 91.14 கோடி ரூபாய். 2024இல் 1,23,672, இழப்பு 1,935.51 கோடி. உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இது. புகார்கள் மூன்று மடங்கு, பணம் இருபத்தொரு மடங்கு. வகுத்துப் பார்த்தால் ஓர் ஆளுக்குச் சராசரி இழப்பு சுமார் 23,000 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. வலைவீசிப் பிடித்த காலம் போய், ஒரே ஆளிடம் நேரம் செலவழித்துக் கறக்கும் காலம் வந்துவிட்டது என்றே இதை நான் படிக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் வந்த அழைப்பு நினைவிருக்கும். 'சார், பேங்க் மேனேஜர் பேசுது சார், உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆச்சு சார்.' அந்தத் தமிழைக் கேட்டதுமே பாதிப் பேர் சிரித்துவிட்டு வைத்தார்கள். சிலர் வைத்து விளையாடவும் செய்தார்கள். இன்றைய அழைப்பு தமிழில் வருவதற்கு மெனக்கெடுவதில்லை. ஆங்கிலத்தில் தொடங்கும், இந்திக்கு மாறும், 'மும்பை போலீஸுக்கு லைனைக் கொடுக்கிறேன்' என்று கைமாற்றும். தில்லியிலிருந்து வரும் எதுவும் தமிழில் வந்ததில்லை என்ற நம் நெடுநாள் அனுபவம் இங்கே மோசடிக்காரனுக்குச் சாட்சி சொல்கிறது.

கதையின் தொடக்கம் மாறும்: உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் ஆபாசச் செய்தி, உங்கள் கணக்கில் கறுப்புப் பணம். நடு மாறாது. வீடியோவில் சீருடை, பின்னால் அசோகச் சின்னம், திரையில் சிபிஐ முத்திரையோடு கடிதம். பிறகு இரண்டு கட்டளைகள்: கேமராவை அணைக்காதே, யாரிடமும் சொல்லாதே. வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு 2024 ஆகஸ்டில் நேர்ந்தது இதுதான். அப்போது அவருக்கு வயது 82. ஜெட் ஏர்வேஸ் நிறுவனர் நரேஷ் கோயலின் வழக்கோடு அவரைத் தொடர்புபடுத்தி, ஸ்கைப்பில் இடைவிடாது கண்காணித்து, உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒரு நாடகமே நடத்தினார்கள். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் என்று சொல்லிக்கொண்ட குரல் பேசியது; முகம் சரியாகத் தெரியவில்லை; சுத்தியல் தட்டும் ஓசை கேட்டது. இந்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை, சினிமாவில்தான் தட்டுகிறார்கள். ஆனால் நீதிமன்றத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததே சினிமாவில்தானே! 7 கோடி ரூபாய் கைமாறியது. அதில் பெரும்பகுதியைப் பின்னர் காவல்துறை மீட்டது.

பெரும் தொழில் நடத்தியவரே விழுந்தாரா என்று வியப்பதில் பொருளில்லை. அவருக்கு அறிவு குறையவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் ஆக்கப்பட்டார். வீட்டாரிடமோ வங்கி மேலாளரிடமோ இரண்டு வார்த்தை பேசியிருந்தால் கலைந்துவிடக்கூடிய கதை இது. அதனால்தான் அழைப்பைத் துண்டிக்கவிடாமல் வைத்திருப்பதில் அவர்கள் அத்தனை உழைப்பைப் போடுகிறார்கள். சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தும் இந்த ஆட்டத்தில் உண்மையான சட்டம் சொல்வது வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆவது பிரிவின்படி, ஒருவர் சொல்லாலோ செயலாலோ தாமாகக் காவலுக்கு உட்பட்டாலன்றி, கைது என்பது உடலைத் தொட்டோ அடைத்தோ செய்யப்படுவது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் அறிவிப்பைக்கூட வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் காவல்துறைக்குச் சொன்னது. அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி ஒரு கோடிக்கு மேல் இழந்து எழுதிய கடிதத்தை 2025 அக்டோபரில் அதே நீதிமன்றம் தானாக வழக்காக எடுத்தது. டிசம்பர் 1 அன்று இத்தகைய வழக்குகளின் விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் அந்த ஆண்டு ஜூலையில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, இந்த வகை மோசடியில் முதன்முறையாக.

மறுமுனையில் யார் என்பதும் எளிய கேள்வி இல்லை. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டார்கள். கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு மோசடி வேலையில் உட்கார வைத்தார்கள். அக்டோபரில் 13 பேர் சென்னை திரும்பினார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிக் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. திட்டித் தீர்த்துவிட்டு வைக்கிற அழைப்பின் அந்தப் பக்கத்தில் அடிவாங்கிப் பேசுகிற பிள்ளையும் இருக்கலாம்.

வருகிற அழைப்பில் அடையாளம் தேடுவது தோற்றுக்கொண்டே இருக்கும் ஆட்டம். நாம் செய்கிற அழைப்பில் நிலைமை தலைகீழ். நான் ஓர் எண்ணைச் சுழற்றினால் வலையமைப்பு அந்த எண் ஒதுக்கப்பட்ட இடத்துக்கே கொண்டுசேர்க்க வேண்டும். பிறர் எண்ணைத் திரையில் காட்டுவது சுலபம், அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை வாங்கிக்கொள்வது மிகக் கடினம். எனவே 'வைத்துவிட்டு நான் கூப்பிடுகிறேன்' என்ற ஒரு வாக்கியம் அத்தனை செயலிகளையும்விட வலுவானது. மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். அவர்கள் இதைச் சுற்றிவரத் தேடிய வழிகளே இதன் வலுவுக்குச் சான்று.

பிரிட்டனில் அவர்கள் பழைய தரைவழித் தொலைபேசியின் ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அழைத்தவர் வைக்காவிட்டால், எடுத்தவர் வைத்தாலும் இணைப்பு சிறிது நேரம் அறுவதில்லை. மூதாட்டி ரிசீவரை வைத்துவிட்டு வங்கியைச் சுழற்றுவார். மறுமுனையில் டயல் ஓசையைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு, அதே ஆள் வேறு குரலில் 'வங்கி, வணக்கம்' என்பான். பின்னர் நிறுவனங்கள் அந்த இடைவெளியைச் சில நொடிகளாகக் குறைத்தன. தென்கொரியாவில் கடன் செயலி என்று சொல்லி அலைபேசியில் ஏற்றவைக்கும் தீநிரல், வங்கிக்குப் போகும் அழைப்பையே மோசடிக்காரனுக்குத் திருப்பியது. திரையில் வங்கி எண்ணையே காட்டியது. இங்கே *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்லி நம் அழைப்புகளைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஓடிபியைக் குரலில் சொல்லும் அழைப்பும் அவர்களுக்கே போகும். அந்த வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. எல்லாவற்றிலும் மலிவான தந்திரம் தேடுபொறியில் பொய்யான வாடிக்கையாளர் சேவை எண்ணைப் போட்டுவைப்பது. அங்கே அழைப்பது நாமே; எண்ணைத் தந்தது அவர்கள். ஆகவே திருப்பிக் கூப்பிடும் எண் அட்டையின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ வர வேண்டும். வந்த செய்தியிலுள்ள இணைப்பையும் அனுப்பிய செயலிக் கோப்பையும் தொட்ட கைபேசியாக இருந்தால் வேறொருவர் கைபேசியில் பேசுவது நல்லது.

நம் ஒழுங்குமுறை இன்னும் சீட்டு ஒட்டுவதிலேயே குறியாக இருக்கிறது. விளம்பர அழைப்புக்கு 140, வங்கிச் சேவை அழைப்புக்கு 1600 என்று எண் வரிசைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியும் தன் கீழுள்ள நிறுவனங்களுக்கு இதை வலியுறுத்தியது. பயனுள்ளதுதான். பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து 'வங்கி' பேசினால் உடனே சந்தேகிக்கலாம். ஆனால் சிபிஐ என்று வாட்ஸப்பில் வருகிறவனுக்கு 1600 எதற்கு? இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் டிஜிட்டல் கைதுக்குப் பயன்பட்ட 83,668 வாட்ஸப் கணக்குகளை முடக்கியதாக 2025 மார்ச்சில் அரசு சொன்னது. முடக்க முடக்க முளைப்பவை அவை.

சிங்கப்பூர் 2020இலேயே வெளிநாட்டு அழைப்புகள் அனைத்தின் முன்னும் '+' குறி போடவைத்தது. அதோடு நிற்காமல் 2024இல் 1799 என்ற எண்ணைத் திறந்தது. இது மோசடியா என்று சந்தேகம் வந்தவுடனே கேட்பதற்கான எண் அது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து 159 இருக்கிறது. வங்கி பேசுவதாக யாராவது சொன்னால் வைத்துவிட்டு 159ஐ அழுத்தினால் அவரவர் வங்கிக்கு நேரே இணைப்பு கிடைக்கும். வங்கி எண்ணைத் தேட வேண்டியதில்லை, தேடி ஏமாறவும் வேண்டியதில்லை. இந்தியாவில் மக்கள் அறிந்த எண் 1930. பணம் போனபின் அழைப்பது. சீக்கிரம் அழைத்தால், பணம் வாடகைக் கணக்குகளுக்குள் பிரிந்து ஓடுவதற்குமுன் வங்கிகள் பிடித்துவைக்க முடியும். 2021இல் தொடங்கிய அந்த ஏற்பாடு 2025 ஜூலைவரை காப்பாற்றியது 5,489 கோடி ரூபாய். 2024 ஓராண்டில் மட்டும் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்தது 22,845 கோடி. போகுமுன் கேட்பதற்கு 159 போல ஓர் எண்ணை இங்கும் திறக்கலாம். பிரிட்டனில் அதற்காகப் புதிய சட்டம் எதுவும் வரவில்லை. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் ஓர் அமைப்பாகக் கூடித் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது.